குரல் மாற்றும் நேரம்

அடுக்களையிலிருந்து அவளுடைய செருமல் கேட்டது.

அவள் அடுக்களையில் இல்லை. படுக்கையறையில், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நெற்றிமேல் கையை மடித்து வைத்துப் படுத்திருந்தாள். டான்சில் எடுத்து மூன்றாவது நாள். தொண்டையின் இரண்டு பக்கமும் தோலுரித்த இடம் போல எரிந்தது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் வலி காதுக்குள் ஏறி, அங்கே கொஞ்ச நேரம் தங்கி, பிறகுதான் இறங்கியது. பேசக் கூடாது, செருமக் கூடாது, செருமினால் ரத்தம் வரும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவளும் செருமவில்லை. ஆனால் குழாய்த் தண்ணீர் விழும் சத்தத்துக்கும் பாத்திரங்கள் உரசும் சத்தத்துக்கும் நடுவில் அது தெளிவாகக் கேட்டது. முதலில் குட்டையாக ஒன்று. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு, சிக்கியிருக்கும் எதையோ தள்ளிவிடுவது போல நீளமாக ஒன்று. பதினைந்து வருடங்களாக மைக்கைத் திறப்பதற்கு முன்னால் அவள் செருமி வந்த செருமல்.

அடுக்களையில் தங்கச்சி மட்டும்தான் இருந்தாள். தங்கச்சிக்கு எட்டு வயதிலேயே டான்சில் எடுத்தாகிவிட்டது. அவள் தொண்டையில் சிக்குவதற்கு ஒன்றுமில்லை.

தங்கச்சி குளிர்ந்த பாலோடு வந்தாள். "என்னக்கா, பூச்சாண்டியைப் பார்த்த மாதிரி முழிக்கிற?"

அவள் மகளுடைய சிலேட்டை எடுத்து எழுதினாள்: நீயா செருமினே?

"நானா? நான் எதுக்குச் செருமறேன்? வாயைக் கட்டிப்போட்டதும் உனக்குக் காது நீண்டு போச்சு." தங்கச்சி சிரித்துக்கொண்டே தலையணையை உயர்த்தி வைத்தாள். "மடமடன்னு குடிச்சிரு. இல்லைன்னா மாமா வந்து, என் பொண்டாட்டியைப் பட்டினி போட்டியான்னு என்னைத்தான் பிடிப்பார்."

மாமா என்றபோது தங்கச்சியின் குரல் கொஞ்சம் கனத்திருந்தது. அல்லது கனத்தது போலிருந்தது.

சின்ன வயதில் அக்கா தங்கை இருவருக்குமே மாறி மாறிக் காய்ச்சல் வரும். இரண்டு பேருக்கும் எடுத்துவிடலாம் என்று அப்போதைய டாக்டர் சொன்னார். அப்பாவால் ஒருத்தியைத்தான் அழைத்துப்போக முடிந்தது. "பெரியவ தாங்கிக்குவா," என்றார். சின்னவளுக்கு ஒரு வாரம் பள்ளிக்கூடம் கிடையாது, தினமும் ஒரு கப் ஐஸ்கிரீம், அப்பாவின் மடி. பெரியவள் அந்தக் கரண்டிகளைக் கழுவினாள். கழுவுவதற்கு முன்னால் ஒரு தடவை நக்கிப் பார்த்தாள். அந்த இனிப்பு இத்தனை வருடம் கழித்தும் அவள் நாக்கை விட்டுப் போகவில்லை.

அவளுக்கு மிஞ்சியது காய்ச்சல். வருடத்துக்கு ஏழு தடவை, எட்டு தடவை. ஊசி, மாத்திரை, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது. காய்ச்சலோடு கூடவே ஒரு குரலும் வந்தது. பருத்த, உருண்ட, அடியில் லேசாகக் கரகரக்கும் குரல். தங்கச்சியின் குரலோ கீச்சென்று இருக்கும். பேருந்து நிலையத்து அறிவிப்பாளர் வேலைக்கு நாற்பது பேர் வந்தார்கள். மேற்பார்வையாளர் இவள் இரண்டு வரி படித்ததுமே போதும் என்றார். இதுவாவது எனக்கென்று வந்ததே என்று அவள் நினைத்துக்கொண்டாள். ராத்திரிகளில் டார்ச்சும் கைக்கண்ணாடியுமாக வாயைத் திறந்து அந்த இரண்டு டான்சில் கோலிக்குண்டுகளையும் பார்ப்பாள். சிவந்து, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு, ஒன்றையொன்று தொட எட்டிக்கொண்டிருக்கும். இடது பக்கத்துக் குண்டில் நெடுக்காக ஒரு பிளவு உண்டு. தையல் கம்பெனியில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் தங்கச்சி ஒருநாள் டார்ச்சை வாங்கி வெகுநேரம் உள்ளே பார்த்துவிட்டு, "காஜா எடுத்த மாதிரியே இருக்குக்கா," என்றாள். பிறகு மெதுவாக, "என்கிட்ட இருந்ததுல இப்படி எதுவும் இருந்திருக்காது," என்றாள்.

இந்த வருடம் எட்டாவது காய்ச்சலில் மூச்சே அடைத்துக்கொண்டது. இனி வைத்திருப்பது ஆபத்து என்றார் டாக்டர்.

"எடுத்தா குரல் போயிடுமா டாக்டர்?"

"குரல் இருக்கிற இடம் வேற, இது இருக்கிற இடம் வேற. கவலையே படாதீங்க."

இரண்டு வாரத்துக்கு மாற்று ஆள் வேண்டும். தையல் கம்பெனி மூடிக்கிடந்ததால், தங்கச்சியை வைத்துச் சமாளிக்கலாம் என்று அவள்தான் மேற்பார்வையாளரிடம் சொன்னாள். தெரிந்தே சொன்னாள். அந்தக் கீச்சுக்குரலைக் கேட்டால் நிலையம் முழுக்க இவளை நினைத்து ஏங்கும்.

அறிவிப்பு அறையில் ஒரு முறை இருந்தது. ஒருவர் முடித்து இன்னொருவர் உட்காரும்போது, இருவரும் ஒரே மைக்கில் கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரே அறிவிப்பைச் சேர்ந்து சொல்வார்கள். போகிறவர் பாதியில் குரலைத் தேய்த்துத் தேய்த்து விட்டுவிட வேண்டும். வருகிறவர் மீதியை எடுத்துக்கொள்வார். குரல் மாறியது கீழே யாருக்கும் தெரியக் கூடாது. "ஜனங்க பஸ்ஸைப் பார்க்கணும். நம்மளைத் திரும்பிப் பார்த்தாங்கன்னா நாம தப்புப் பண்ணிட்டோம்னு அர்த்தம்," என்பார் மேற்பார்வையாளர்.

அறுவைக்கு முந்தின நாள் தங்கச்சியோடு குரல் மாற்றினாள். பாதி வந்தது. விட வேண்டிய இடம். தங்கச்சியின் கன்னம் குளிர்ச்சியாக, ஆர்வத்தில் நடுங்கிக்கொண்டு, இவள் காய்ச்சல் கன்னத்தில் ஒட்டியிருந்தது. அந்த ஆர்வத்தைத் தாங்க முடியவில்லை. இவள் விடவில்லை. எது அசல் என்று ஊருக்குத் தெரியட்டும் என்று கடைசிச் சொல்வரை அழுத்திச் சொன்னாள். இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, முடியும்போது தன்னுடையது எது என்று இவளுக்கே தெரியவில்லை. மேற்பார்வையாளர் முகம் சுளித்தார். "என்னம்மா இது? நீ விடாம அவ எப்படி எடுத்துக்குவா? இப்ப யாரு கையில இருக்கு?"

அதை இவள் வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டாள்.

அறுவை முடிந்து மயக்கம் தெளிகையில், மங்கலாக, நர்ஸ் ஒரு சின்னப் பாட்டிலைத் தங்கச்சியிடம் கொடுப்பது தெரிந்தது. உள்ளே இரண்டு கோலிக்குண்டு. "பரிசோதனைக்கு. கீழே லேப்ல குடுத்துருங்க." தங்கச்சி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஐஸ்கிரீம் கப்பைப் பார்த்த அதே முகம்.

ஐந்தாம் நாள் காலை காற்று பேருந்து நிலையத்துப் பக்கமிருந்து வீசியது. இரண்டு தெரு தாண்டி ஒலிபெருக்கி கேட்டது. "பயணிகள் கவனத்திற்கு." உருண்ட குரல். அடியில் லேசான கரகரப்பு. பழைய பதிவைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். சாயங்காலம் கணவன் வந்ததும் சிலேட்டில் கேட்டாள்.

"பதிவா? உன் தங்கச்சிதான் நேரா பேசறா," என்றான் அவன். அச்சகத்து மை படிந்த விரலால் சிலேட்டின் ஓரத்தைத் துடைத்தான். "நான் கூட ஒரு நிமிஷம் அசந்துட்டேன். உங்க வீட்டுக் குரல் ஒண்ணுதான் போல. நல்லாத்தான் இருக்கு."

நல்லாத்தான் இருக்கு. அவளுடைய பதினைந்து வருடத்தில் அவன் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை.

அன்று மகள் சித்தியின் மடியில் கதை கேட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் இவள். முயல் பேசும்போது குரலைச் சுருக்கி, யானை பேசும்போது நெஞ்சிலிருந்து இழுத்து, இவள் கண்டுபிடித்த யானைக் குரல். நடுவே மகள் தூக்கக் கலக்கத்தில், "அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்றாள். சித்தி திருத்தவில்லை. கதையைத் தொடர்ந்தாள்.

எட்டாம் நாள் மருத்துவமனை லேபிலிருந்து போன் வந்தது. இவள் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். "டாக்டர் உங்க ரிப்போர்ட் கேட்கிறாரு. உங்க பேர்ல எந்தப் பாட்டிலும் எங்ககிட்ட வரலையே. குடுத்தீங்களா? ஹலோ? யாராவது பேசுங்க. ஹலோ?"

சாயங்காலம் சிலேட்டை நீட்டினாள்: பாட்டில் எங்கே?

தங்கச்சி சிலேட்டை வாங்கி எழுத்தை உள்ளங்கையால் அழித்தாள். "குடுத்துட்டேனேக்கா. அவங்கதான் எங்கயாவது தொலைச்சிருப்பாங்க." பிறகு குனிந்து போர்வையைச் சரிசெய்தாள். அப்போது அந்த வாடை வந்தது. பழைய பாலும் துருவும் கலந்த வாடை. எத்தனை தடவை பல் தேய்த்தாலும் போகாமல், பேசும்போது கணவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வைத்த வாடை. டான்சில் பிளவுக்குள் சேரும் வெள்ளைத் துணுக்குகளின் வாடை. இவள் அவசரமாகத் தன் உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தாள். மருந்து மட்டும் மணத்தது.

"என்கிட்டதான் எதுவுமே இருந்ததில்லையேக்கா," என்றாள் தங்கச்சி, கேட்காத கேள்விக்குப் பதில் போல. "எல்லாம் உனக்குத்தானே வந்துச்சு. வீடு, மாமா, குட்டி, குரல். எனக்கு ஒரு வாரம் ஐஸ்கிரீம் கிடைச்சுது. அதையும் நீ நக்கிட்டுத்தான் கழுவுனே. நான் பார்த்தேன்."

சொல்லிவிட்டுச் செருமினாள். குட்டையாக ஒன்று. இடைவெளி. நீளமாக ஒன்று.

பன்னிரண்டாம் நாள் பேசலாம் என்றார் டாக்டர். புண் அழகாக ஆறியிருக்கிறதாம். வீட்டுக்கு வந்து மகளை அருகில் உட்காரவைத்து, முதல் சொல்லாக "கண்ணு" என்றாள்.

கீச்சென்று வந்தது.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, நீ ஏன் சித்தி மாதிரி பேசுற?"

ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர் போனில். அவள் நம்ப முயன்றாள். குளியலறையில் கதவைச் சாத்தி டார்ச்சை அடித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சுத்தமாக, வழவழவென்று, காலியாக இருந்தது. யாரோ வீட்டைக் காலி செய்து பெருக்கிவிட்டுப் போன மாதிரி.

விடாமல் இருந்தது நான்தானே என்று தோன்றியது. முறைப்படி மாற்றவில்லை. முறைப்படி மாற்றிக்கொண்டால் திரும்ப வந்துவிடும்.

பதினான்காம் நாள் நண்பகல் வேலைக்குப் போனாள். பள்ளி விடுமுறை, கணவன் மகளையும் அழைத்துக்கொண்டு நிலையம்வரை வந்தான். "அம்மா பேசறதை இங்கிருந்தே கேக்கறோம்," என்று மூன்றாவது நடைமேடைப் பெஞ்சில் மகளை ஏற்றி நிறுத்தினான்.

மாடியில் அறிவிப்பு அறை. மூன்று பக்கமும் கண்ணாடி. வெயில் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. மைக்கின் பஞ்சு உறையில் அந்த வாடை.

"வாக்கா," என்றாள் தங்கச்சி. நாற்காலியில் பாதியை விட்டு நகர்ந்தாள். மேற்பார்வையாளர் கதவருகில் நின்றபடி, "இந்தத் தடவையாவது ஒழுங்கா மாத்துங்கம்மா," என்றார்.

கன்னத்தோடு கன்னம். இப்போது அந்தக் கன்னம் காய்ச்சலாகச் சுட்டது. இவளுடையது குளிர்ந்திருந்தது.

"பயணிகள் கவனத்திற்கு. ஒன்பதாம் எண் பேருந்து மூன்றாவது நடைமேடையிலிருந்து..."

இருவரும் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் ஒரு குரல்தான் கேட்டது.

பாதி வந்தது. தங்கச்சி விட வேண்டிய இடம்.

விடவில்லை.

இவள் அழுத்தினாள். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. காற்றுகூட வரவில்லை. கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். தங்கச்சியின் வாய் அகலத் திறந்திருந்தது. வெயில் அதற்குள் விழுந்தது. உள்நாக்குத் தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு கோலிக்குண்டு. சிவந்து. வெள்ளைப் புள்ளிகளோடு. இடது பக்கத்துக் குண்டில், நெடுக்காக, காஜா எடுத்த மாதிரி.

அறிவிப்பு முடிந்தது. தங்கச்சி வாயை மூடவில்லை. இவளுக்குக் காட்டுவது போல அப்படியே வைத்திருந்தாள்.

கீழே மகள் பெஞ்சின்மேல் நின்று, கண்ணாடிக்குள் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தாள். இவள் எழுந்து கண்ணாடியில் கையை வைத்தாள். கூப்பிட வேண்டும். ஒரே ஒரு சொல். வாயைத் திறந்து, உடம்பிலிருந்த மூச்சையெல்லாம் திரட்டி, மகளை அழைத்தாள்.

தன் தொண்டையில் எதுவும் அசையவில்லை.

பின்னால், திறந்திருந்த அந்த வாய்க்குள், நாக்கு அசையாமல், உதடு அசையாமல், பிளவு மட்டும் மெல்ல விரிந்தது.

"கண்ணு," என்றன நிலையத்தின் எல்லா ஒலிபெருக்கிகளும்.

கீழே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் முகம் மலர்ந்து, இவளைத் தாண்டி, நாற்காலியில் இருந்தவளைப் பார்த்துக் கையசைத்தாள்.