தூங்குமூஞ்சிக் கட்டை

அம்மாவின் விரல்கள் மறுபடியும் அதே இடத்தில் தடுமாறின.

அம்மா பியானோ கலைஞர். ஊர் ஊராகப் போய்ப் பெரிய பெரிய அரங்கங்களில் வாசித்தவர். போன வருடம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, வீட்டுப் பியானோவில் மாதக்கணக்கில் பழகிவிட்டு இன்றுதான் மேடைக்குத் திரும்பியிருக்கிறார். சாயங்காலம் கச்சேரி. இப்போது ஒத்திகை. காலி நாற்காலிகளைத் தவிர அரங்கத்தில் இருந்தது அப்பாவும் வாலுவும்தான்.

வாலு அம்மாவின் ஒரே மகள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்தில் மட்டும் பயன்படும்.

அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டார். "போதும். என் கை பழைய கை இல்ல."

"கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா?" என்றார் அப்பா. எந்தக் கஷ்டம் வந்தாலும் அப்பாவிடம் இருக்கும் ஒரே மருந்து தண்ணீர்தான்.

"தண்ணி குடிச்சா கை சரியாயிடுமா? எலும்பு சேர்ந்துடுச்சுன்னு டாக்டர் சொல்றார். ஆனா இந்த ஒரு இடத்துல மட்டும் கை பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது. அத்தனை பேர் முன்னாடி தடுமாறினா, அப்புறம் யார் என்னைக் கூப்பிடுவாங்க? அரங்க மேலாளர்கிட்ட சொல்லிடுங்க. கச்சேரி வேண்டாம். இனிமே எப்பவுமே வேண்டாம்."

அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. கை உடைந்த அன்றுகூட அம்மா அழவில்லை.

அப்பா தயங்கித் தயங்கி மேலாளர் அறைப் பக்கம் நடந்தார்.

"அப்பா, நில்லுங்க!" என்று வாலு கத்தினாள். அப்பா பாதி வழியில் நின்றார்.

"அம்மா, அந்த இடத்தை இன்னொரு தடவை வாசியேன். மெதுவா."

"எதுக்குடி?"

"எனக்காக."

வாலு மண்டிபோட்டு, பியானோக் கட்டைகளின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்தாள். வீட்டிலும் அவள் பியானோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அம்மாவின் விரல்கள் அவளுக்கு அத்துப்படி.

அம்மா வாசித்தார். அந்த இடம் வந்தது. பெருவிரல் சட்டென்று கீழே இறங்கி, நடுவில் இருந்த ஒரு வெள்ளைக் கட்டையின் விளிம்புக்கு அடியில் எதையோ தேடியது. அதற்குள் அடுத்த சுரம் தப்பிப்போனது.

"கண்டுபிடிச்சுட்டேன்!" வாலு துள்ளி எழுந்தாள். "நீ தூங்குமூஞ்சியை எழுப்பப் பாக்குறேம்மா!"

வீட்டுப் பியானோவில் அந்தக் கட்டை அழுத்தினால் அழுத்தியபடியே கிடக்கும். தானாக எழுந்திருக்காது. வாலு அதற்கு வைத்த பெயர்தான் தூங்குமூஞ்சி. பழுது பார்ப்பவர் "அடுத்த வாரம் வந்துடறேன்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு மழைக்காலம் போய்விட்டது. அந்த இடத்தில் மட்டும் அதே கட்டையை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்த வேண்டும். அதனால் அம்மா வாசிக்கிற வேகத்திலேயே பெருவிரலால் அதைத் தட்டி எழுப்பிப் பழகிக்கொண்டார். அப்படிப் பழகியதே அவருக்கு மறந்துவிட்டது. விரலுக்கு மறக்கவில்லை.

அம்மா தன் பெருவிரலை முறைத்துப் பார்த்தார். பிறகு இந்தப் பியானோவில் அதே கட்டையை அழுத்தி விரலை எடுத்தார். டக்கென்று அது தானே எழுந்து நின்றது.

"அடக் கடவுளே! அப்போ மணிக்கட்டு?"

"மணிக்கட்டு நல்லாத்தான் இருக்கு. உன் விரலுக்குத்தான் உதவி பண்ற வியாதி."

அம்மா சிரித்துவிட்டார். உடனே முகம் வாடியது. "மாசக்கணக்கா பழகினதாச்சே. சாயங்காலத்துக்குள்ள எப்படி மறக்கும்?"

வாலு கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் சுட்டுவிரலை அந்தக் கட்டையின் விளிம்புக்குக் கீழே நீட்டி வைத்தாள். "இப்ப வாசி. உன் விரல் கீழ வந்தா என் விரல்ல இடிக்கும்."

இடித்தது. "ஆ!" என்றாள் வாலு.

"ஐயோ, வலிக்குதா?"

"இல்ல, சும்மா கத்தினேன். நீ வாசி."

மறுபடியும் இடித்தது. மறுபடியும் "ஆ!" அம்மா மெதுவாக வாசித்தார், வேகமாக வாசித்தார், இன்னும் வேகமாக வாசித்தார். போகப் போக இடிகள் குறைந்தன. கடைசியில் வாலுவின் விரல் வேலையில்லாமல் சும்மா நின்றது.

அப்பா இன்னும் பாதி வழியிலேயே நின்றுகொண்டிருந்தார். "இப்ப மேலாளர்கிட்ட நான் என்னதான் சொல்லட்டும்?"

"கதவைத் திறக்கச் சொல்லுங்க" என்றார் அம்மா.

சாயங்காலம் அரங்கம் நிரம்பி வழிந்தது. வாலுவும் அப்பாவும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடம் நெருங்க நெருங்க வாலு நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள். இப்போது அங்கே அவள் விரல் இல்லையே!

அந்த இடம் வந்தது. பெருவிரல் கீழே இறங்கவில்லை. ஒரு சுரம்கூடத் தப்பாமல் இசை மேலே மேலே போனது.

வாலு படபடவென்று கைதட்டினாள்.

இந்த மாதிரிக் கச்சேரிகளில் வாசித்து முடிக்கும்வரை யாரும் கைதட்டக் கூடாது. தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள். முதல் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ "உஷ்!" என்றார்கள். வாலு நாக்கைக் கடித்துக்கொண்டு பயந்து பயந்து அப்பாவைப் பார்த்தாள்.

அப்பாவும் தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தார். மேடையில் அம்மா, வாசிப்பதை நிறுத்தாமலே, வாய் கொள்ளாமல் சிரித்தார்.