படத்தில் மறைத்த பாதி

காலையில் பார்த்தபோது மாணிக்கவேலின் கை கமலக்கண்ணனின் தோளில் இருந்தது. மத்தியானம் அதே படத்தில் அது சட்டைக் காலரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண் அசதி என்றுதான் கலையரசி நினைத்தாள்.

கமலக்கண்ணன் அவள் கணவர். மாணிக்கவேல் அவருடைய பட்டு வியாபாரக் கூட்டாளி. மாணிக்கவேல் இறந்து பன்னிரண்டு நாளாகிறது. இருவரும் படவேடு கோயிலில் எடுத்துக்கொண்ட படத்திலிருந்து இறந்தவரை மட்டும் வெட்டிக் கருமாதி பத்திரிகையில் வைத்திருந்தாள் டி.டி.பி. கடை துர்கா. வேர்டில் ஒழுங்காக இருந்தது. பி.டி.எஃப். ஆக மாற்றினால் வெட்டிய கமலக்கண்ணனும் பக்கத்தில் வந்து நின்றார். அந்த மாற்றும் மென்பொருளில் படங்களைப் பார்த்துக்கொள்வதுதான் கலையரசிக்கு வேலை. சென்னைக் கம்பெனிக்கு ஆரணி வீட்டு மாடியிலிருந்தே செய்கிறாள். துர்கா ஃபைலை அனுப்பிவிட்டு போன் செய்திருந்தாள்.

"உசுரோட இருக்கிறவரு கருமாதி பத்திரிகைல வரக்கூடாதுக்கா. ஜல்தி பாருங்க."

வேர்டில் படத்தை வெட்டினால் அது நிஜமாக வெட்டுப்படாது, ஓரம் மறையும், அவ்வளவுதான். மறைந்த பாதி ஃபைலுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். அந்த மறைப்பை மென்பொருள் எங்கே கோட்டை விடுகிறது என்று தேடி, பக்கத்து வீட்டு விசைத்தறி ஓயாமல் தடதடக்க, சாயப்பட்டறை நெடி ஜன்னல் வழியே வந்து தொண்டையில் படிய, ஒரு வரியைத் திருத்திவிட்டு அவள் மூன்றாவது முறையாக மாற்றிப் பார்த்தாள். கரண்ட் போனது. தறிச் சத்தம் சட்டென்று நின்றது. லேப்டாப் வெளிச்சத்தில் அந்த விரல்கள் கமலக்கண்ணனின் கழுத்தைச் சுற்றியிருந்தன.

காலையில் மாற்றிய ஃபைலைத் திறந்தாள். அதிலும் அப்படியே. படத்தில் சிரித்துக்கொண்டிருந்த கமலக்கண்ணனின் வாய் இப்போது காற்றுக்குத் திறந்திருந்தது.

கணவருக்கு போன் போட்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து வருவதாகச் சொன்னார். குரல் கம்மியிருந்தது.

"கழுத்து ஒரே பேஜாரா இருக்குது கலை. யாரோ கைய போட்டுகினு கூடவே வர்ற மாதிரி."

இருமல். லைன் துண்டானது.

மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

இனி மறைத்தால் போதாது. ஃபைல் எடையைக் குறைக்கப் போன மாதம் அவளே எழுதிய வசதி ஒன்று இருந்தது. வெட்டிய படச் சட்டத்துக்கு வெளியே மறைந்திருக்கும் பாதியை அடியோடு அழித்துவிடும், திரும்ப எடுக்க முடியாது. அந்தக் கை அவரை விட்டால் போதும். வேறெதுவும் அவள் யோசிக்கவில்லை.

அழுத்தினாள்.

விரல்கள் இல்லை. கழுத்து இல்லை. மாணிக்கவேல் தனியாகச் சிரித்தார். சட்டத்தின் உள்ளோரத்தில் கமலக்கண்ணனின் நீலச் சட்டைத் தோள் ஒன்று மட்டும், மேலே மாணிக்கவேலின் மணிக்கட்டோடு, மிச்சமிருந்தது. அது கிடக்கட்டும். நிம்மதியில் அழுதுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மாடிக் கதவு தட்டப்பட்டது. லேசாக. மோதுவது போல.

ஓடிப்போய்த் திறந்தாள்.

ஆள் இல்லை.

ஒரு தோள். நீலச் சட்டை. கமலக்கண்ணன் நின்றால் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில். ஒரு பக்கமும் அடியும் நேர்கோடாக முடிந்திருந்தன. ரத்தம் இல்லை. மேலே ஒரு மணிக்கட்டு.

படியேறி வந்த களைப்பில் அந்தத் தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.