ஏழாம் குழியில் ஒரு குருவி பாக்கி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு நான் பால்கனியில் துணி உலர்த்துவேன். துணி இல்லாவிட்டாலும் உலர்த்துவேன். எதிரே கோல்ஃப் திடலில் இந்துமதியும் அவள் கணவர் சபாபதியும் ஆட வரும் நேரம் அது. சபாபதி இறந்து மூன்று வருஷமாகிறது. அதனால் என்ன, வருகிறார்.

எங்கள் கோத்தகிரிக் குடியிருப்பில் குருவிப் போட்டி பழைய பழக்கம். விதித்த அடிகளில் ஒன்று குறைத்துப் பந்தைக் குழியில் போட்டால் பேர்டி. அட்டையில் ஒரு குருவி ஒட்டலாம். ஞாயிறு ஆட்டம் மட்டுமே கணக்கு. ஒன்பது குழிக்கும் ஒன்பது குருவி சேர்ந்தால் ஊருக்கே போண்டா. அந்தக் காலத்தில் சபாபதி போண்டாவைப் பிய்த்துக்கொண்டே எல்லோரையும் கிண்டலடிப்பார். இப்போதைய போண்டாவில் மிளகுகூட இல்லை.

நிழலாட்டச் சட்டம் வந்தபின், ஒருவர் உயிரோடு தொடங்கிய அட்டையை அவருடைய ஒளிநிழல் ஆடி முடிக்கலாம். பதினோரு வருஷ அசைவுப் பதிவிலிருந்து செய்த நிழல். அதே தொப்பை, அதே தொண்டைக் கனைப்பு. அட்டை நிறைந்த நிமிடமே அணைந்துவிடும்.

சபாபதிக்கு எட்டுக் குருவி சேர்ந்துவிட்டது. ஏழாம் குழி மட்டும் பாக்கி. அங்கே அரையடி தூரத்திலிருந்துகூடத் தவறவிடுவார், உயிரோடு இருந்தபோது போலவே. "ஏழாவது உங்களுக்கு ஜென்ம எதிரிங்க" என்று இந்து சிரிப்பாள். அந்தக் குழியில் அவரை ஜெயிப்பதுதான் அவளுடைய வாரப் பெருமை.

நிழலில் கோளாறு என்று கமிட்டி பழுதுபார்க்க ஆள் அனுப்பியது. தமயந்தி என்று ஒரு பெண். நான் சும்மா காற்று வாங்க அந்தப் பக்கம் போயிருந்தேன்.

"கோளாறே இல்லம்மா," என்றாள் தமயந்தி. "அவர் இருந்தப்போ, வார நாள்ல தனியா ஆடினப்ப எல்லாம் ஏழாவதுல பேர்டி போட்டிருக்கார். நீங்க கூட ஆடினா மட்டும்தான் தவறுது. வேணும்னே தவறவிட்டிருக்கார். நிழலும் அதையே கத்துக்கிச்சு."

இந்து அட்டையில் ஏழாவது கட்டத்தை விரலால் தடவினாள். நான் காற்று வாங்குவதைக்கூட மறந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு. என் பால்கனிக்கு எதிரேயே ஏழாம் குழி. நிழலின் பந்து குழியிலிருந்து அரையடியில் நின்றது. இது விழுந்தால் பேர்டி. இவ்வளவு பக்கமென்றால், கூட ஆடுபவர் "கொடுத்தாச்சு" என்று சொல்லிவிடலாம், விழுந்ததாகவே கணக்கு. இந்து ஓர் அங்குலம்கூட யாருக்கும் கொடுத்தவளில்லை. "போடுங்க, பார்க்கலாம்" என்பாள், இடுப்பில் கைவைத்து.

அன்று கையை இடுப்புக்குக் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தினாள்.

"கொடுத்தாச்சுங்க."

நிழல் நிமிர்ந்து பார்த்தது. அந்தச் சொல்லுக்கு என்ன செய்வதென்று பதினோரு வருஷப் பதிவில் எதுவும் இல்லை. தொண்டையைக் கனைத்தது. அட்டையில் ஒன்பதாவது குருவி ஒட்டிக்கொண்டது. புல்தரையில் இந்து மட்டும் நின்றாள்.

நான் தொலைநோக்கியை ஈரத்துணிக்குள் மறைப்பதற்குள் குரல் வந்தது.

"மேலேயே நிக்காதீங்க. இறங்கி வாங்க, எட்டாவதுக்கு ஆள் வேணும்."

"எனக்கு ஆடத் தெரியாதே, இந்து!"

"இத்தனை வருஷமா பார்க்கறீங்களே, வரும்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. எனக்கு விட்டுக்கொடுத்து மட்டும் ஆடாதீங்க."