சிறுபாலத்தில் ஒரு பெரிய பொய்

காலை ஆறு பத்து.

தேவகியின் செல்போன் அலறியது.

“மேடம்... கஜபதி பேசறேன்!” சாலைப் பணியாளர் கஜபதிக்கு மூச்சு இரைத்தது. “ஆர்.கே.பேட்டை ரோட்டு சிறுபாலத்துல... குமரேசன் சார் பைக்கோட பள்ளத்துல கீறாரு மேடம்! தலையெல்லாம் ரத்தம்... அசையவே இல்ல!”

தேவகி எழுந்து உட்கார்ந்தாள்.

குமரேசன்! புயலில் நாசமான கிராமத்துச் சாலைகளைச் சோதிக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த பொறியாளர். அந்தச் சாலைகளைச் சீர்செய்யும் பொறுப்பு, இளநிலைப் பொறியாளர் தேவகிக்கு.

சிறுபாலம் போன வருஷம் கட்டியது. கட்டியவன் திலீப். கான்ட்ராக்டரின் சைட் இன்ஜினியர்.

தேவகியின் அத்தை மகன். புருஷன்!

“பாவா!” என்று கத்தினாள்.

படுக்கை காலி. சைட்டுக்குக் கிளம்பிப் போயிருப்பான்.

திருத்தணியிலிருந்து ஸ்கூட்டியில் பறந்தாள்.

பாலத்தை ஒட்டிய சாலையை வெள்ளம் பாதி அகலத்துக்குத் தின்றிருந்தது. பத்தடிப் பள்ளம். ஆம்புலன்ஸ் கிளம்பிப் போய்விட்டது.

“ஆள் முடிஞ்சிட்டாராம்...” கூட்டம் முணுமுணுத்தது.

இன்ஸ்பெக்டர் பரசுராமன் முறைத்தார்.

“இவ்ளோ பெரிய பள்ளம்... ஒரு தடுப்பு கிடையாது. ஒரு சிவப்புத் துணி கிடையாது. இன்னாம்மா வேலை பாக்கறே?”

“நேத்து சாயந்திரம் நானே வெச்சேன் சார்! நாலு தார் டிரம்மு, குறுக்கால சவுக்குக் கட்டை!”

“யார் பாத்தா?”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு திலீப் வந்தான். தேவகிக்கு உயிர் வந்தது.

“இவருதான் சார்! கூடவே டிரம்மு உருட்டினாரு. சொல்லுங்க பாவா!”

திலீப் தரையைப் பார்த்தான்.

“இல்ல சார்... நேத்து மழை தூறிச்சு. காலைல வெச்சிக்கலாம்னு வந்துட்டோம்.”



ஏழு வருஷம்! ஒரே தட்டில் சாப்பிட்டவன்!

திலீப் அவளை ஓரமாக இழுத்துப் போனான்.

“தடுப்பு வெக்கலன்னு ஒத்துக்க தேவகி. கவனக்குறைவுதானே... சஸ்பென்ஷனோட போயிடும்.”

“நாம ரெண்டு பேரும்தானே வெச்சோம் பாவா...”

“நான் பாக்கலியே!”

குரலில் ஈரமே இல்லை.

தேவகி அழவில்லை. நேராக இன்ஸ்பெக்டரிடம் நடந்தாள். ஐந்து நிமிடம் தாழ்ந்த குரலில் பேசினாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“ஒத்துக்கினேன் பாவா. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாரு.” தயங்கினாள். “இன்னொண்ணு... குமரேசன் சாரோட போன் பாலத்துக் குழாய்க்குள்ள மாட்டிகினு கீது. நான் பாத்தேன். போலீஸ் கண்ணுல படல. தண்ணி வடிஞ்சதும் மதியம் பைக்கை எடுக்க ஆள் இறக்கப் போறாங்களாம்.”

திலீப் பாலத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

“ஆங்... நீ வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்.”

பதினொரு மணி.

சுளீரென்ற வெயில். ஜீப் போய்விட்டது. கூட்டமும் இல்லை.

திலீப் பள்ளத்தில் இறங்கினான். குழாய்க்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். சேறு... கல்... மறுபடி சேறு...

“கிடைச்சுதா?”

திடுக்கிட்டு நிமிர்ந்தான். மேலே தேவகி!

“இல்லியே... நீ பாத்தேன்னு சொன்னியே?”

“பொய் சொன்னேன். போனை அவரு லாட்ஜ்லயே விட்டுட்டு வந்துட்டாராம்.”

“லாட்ஜ்லயா? போட்டோ எடுத்துகினு, கையில புடிச்சிகினுதானே விழுந்தாரு...!”

சட்டென்று உதட்டைக் கடித்தான்.

தாமதமாகிவிட்டது!

பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து பரசுராமன் எழுந்தார்.

“அவரு விழுந்ததைப் பாத்தியா தம்பி? டிரம்மை மட்டும்தான் பாக்கலியோ?”

திலீப் ஒரு கணம் விழித்தான். பிறகு சிரித்தான்!

“ஏதோ வாய் தவறி வந்த ஒரு வார்த்தை சார். கோர்ட்ல நிக்குமா? செத்தவரு வந்து சாட்சி சொல்வாரா?”

“செத்தவரு சொல்ல மாட்டாரு.” இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார். “ஆனா குமரேசன் சாகவே இல்லியே!”

“இன்னாது?!”

தேவகிக்கும் அது புதுச் செய்தி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நாடி இருந்துச்சு. நான் வெளிய சொல்லலை. அரக்கோணம் ஆஸ்பத்திரில இப்பத்தான் கண்ணு முழிச்சாராம்... ஏட்டு போன் பண்ணாரு. பாலத்துல துளை போட்டுப் பாக்கப் போறேன்னு குமரேசன் உன்கிட்ட சொன்னாரு. உள்ள கம்பியே இல்லேன்னு தெரிஞ்சிடும். அதான் விடிகாலைல வரவெச்சு, பின்னாலேர்ந்து தள்ளி, பைக்கையும் உருட்டி வுட்டே. அப்புறம் டிரம்மையெல்லாம் அப்புறப்படுத்தினே. பழி பொண்டாட்டி தலைல!”

திலீப் சேற்றிலிருந்து மேலே கை நீட்டினான்.

“தேவகி... உன்னை எப்படியாவது காப்பாத்தி இருப்பேன். சஸ்பென்ஷன்தானே...”

“அவரை ஒரு கையால தள்ளினே. என்னை இன்னொரு கையால!” அவளுடைய குரல் உடைந்தது. “உன்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டேன்... உன்னை!”

கையில் விலங்கு ஏறியது.

“நான் உன் பாவா தேவகி! ஏதாவது சொல்லு!”

தேவகி கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

“சொல்றேன் திலீப். நீ போற இடத்துல கம்பியெல்லாம் ஒழுங்காப் போட்டிருப்பாங்க. தைரியமா எண்ணு... அதை நீ கட்டல!”