மூட்டங்கள் கலக்கும் அறை

காலையில் அலையூர்க்காரர்கள் முதலில் ஜன்னலைத் திறப்பார்கள். பிறகு தங்கள் மூட்டத்தை உதறுவார்கள், போர்வையை உதறுவதுபோல. ஒவ்வொருவர் தோளைச் சுற்றியும் அவரவர் மனநிலை நிறமாகத் தவழும் ஊர் அது. அமைதி இளநீலம், கோபம் செம்பு, துக்கம் சாம்பல். உணர்மூட்டம் என்று அதற்குப் பெயர். கடல்மேல் மிதக்கும் அந்த ஊரில் பல நாட்டு மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். எவரும் எவரிடமும் மனதை மறைக்க முடியாவிட்டால் சந்தேகமே வராது என்று சட்டம் போட்டவர்கள் நம்பினார்கள். அவர்கள் ஒருநாளும் கடை வைத்ததில்லை போலும்.

மனைவி பாவாயி இறந்ததிலிருந்து செங்கோடனின் மூட்டம் சாம்பலாகவே கிடந்தது. சாம்பல் பக்கத்து வீடுகளுக்கும் பரவும். அதனால் அப்படிப்பட்டவர்களுக்குத் ‘தணிப்பு’ செய்வார்கள்: இறந்தவரின் நினைவை, வலியோடு சேர்த்து, வலிக்காமல் துடைத்துவிடுவார்கள்; மூட்டம் தெளிந்துவிடும். தப்ப ஒரே வழி, மனநலக் கவுன்சிலரிடம் மனம் திறப்பது. இருவர் மூட்டமும் கலந்துவிட்டால் நம்பிக்கை பிறந்ததாக அர்த்தம், தணிப்பு கிடையாது. கலக்காவிட்டால், பாவாயி என்று ஒருத்தி இருந்ததே அவனுக்குத் தெரியாமல் போய்விடும். இன்று கடைசி அமர்வு.

கவுன்சிலர் ஐலா பின்லாந்துக்காரி. அவள் பேச்சை மேசைமேலிருந்த மொழிபெயர்ப்பிப் பெட்டி தமிழாக்கியது.

“நான் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை, செங்கோடன். என் மூட்டத்தைப் பாருங்கள்.”

அது மழை கழுவிய வானம்போல இருந்தது.

“அதுதானுங்க டாக்டரம்மா எனக்கு உறுத்துது. வந்ததும் வராததுமா சரக்கு முச்சூடும் விரிச்சுப் போடறவன்கிட்ட எங்க ஆளுக யாவாரமே வெச்சுக்க மாட்டாங்க. அடியில என்னமோ அழுகிக் கெடக்குதுன்னு அர்த்தம். அதும்போக, உங்க பொட்டி நியூஸ் வாசிக்கறாப்புல பேசுது.”

ஐலா சிரித்துவிட்டாள். “அப்படியானால் உங்கள் ஆட்கள் மனதை எப்படித்தான் பேசுவார்கள்?”

செங்கோடன் மேகத் தரகன். கடலில் திரளும் மேகங்களை வறண்ட ஊர்களுக்கு விலை பேசி முடிப்பவன். அவன் முன்னோர் பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுக்கு விலை பேசிய அதே முறைதான்: இருவர் கைகளின்மேலும் துண்டைப் போட்டு, உள்ளே விரல்களால் பேசுவது. வெளியே முகம் ஊர்க்கதை அளந்துகொண்டிருக்கும். உள்ளே நடப்பது இருவருக்கு மட்டும்.

அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தான்.

“பாவாயி போனது எவ்வளவு கனம்னு போன தடவை கேட்டீங்கல்ல? வாயில வராதுங்க. கையக் குடுங்க.”

துண்டுக்குள் அவள் கையைப் பற்றி அழுத்தினான். உறைந்த ஏரிக்கு அடியில் நீர் நகர்வதுபோல ஐலாவுக்குள் ஏதோ நகர்ந்தது. பிறகு அவன் பிடியைத் தளர்த்திக் காத்திருந்தான். ஒருவர் சொன்னால் மற்றவர் பதில் சொல்ல வேண்டும், அதுதான் முறை.

அவள் கை பதில் சொன்னது, அவளைக் கேட்காமலே.

செங்கோடன் முகம் மாறியது. “டாக்டரம்மா, உங்களுக்குக் கொழந்தை இருக்குதுங்களா?”

“இல்லை. எனக்கு யாரும் இருந்ததில்லை.”

“ஒத்தை விரலை நீட்டி, தாழ்த்திப் புடிச்சிருக்கறீங்க. இது பேரம் பேசற விரல் இல்லீங்க. நடக்கப் பழகற புள்ளை வந்து புடிச்சுக்கட்டும்னு நீட்டற விரல்.”

அலையூரில் தெளிந்த மூட்டம் உள்ளவர்களைத்தான் கவுன்சிலர் வேலைக்கு எடுப்பார்கள். அது எப்படித் தெளிந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஐலாவும் கேட்டதில்லை.

இளநீலத்தின் ஓரம் கருகத் தொடங்கியது. சாம்பல் மெல்ல ஏறி, மேசையைக் கடந்து, அவனுடைய சாம்பலைத் தொட்டது. எது யாருடையது என்று தெரியாமல் இரண்டும் கலந்தன.

“நம்பிக்கை உறுதியானது” என்றது மூட்டங்களைக் கண்காணிக்கும் சுவர். “செங்கோடனுக்குத் தணிப்பு ரத்து.” சற்றுப் பொறுத்து, அதே இனிய குரலில்: “கவுன்சிலர் ஐலாவுக்குத் தணிப்பு பரிந்துரைக்கப்படுகிறது.”

“மறுபடியுமா?” என்றாள் ஐலா. அவள் உதடுகள் நடுங்கின. மொழிபெயர்ப்பியின் குரல் நடுங்கவில்லை. “அந்தக் குழந்தையின் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை.”

“பேரு மெதுவா வருமுங்க.” செங்கோடன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். “அவங்க வந்தா நான் பேசிக்கறேன். நீங்க விரலை மட்டும் மடக்கிராதீங்க, அம்மிணி.”