கல்குழியில் ஒரு காலி இடம்

குமிழ்கள் இரண்டு இடங்களில் வந்துகொண்டிருந்தன.

இன்ஸ்பெக்டர் காற்றுப் பம்பை அடித்தபடியே அதைப் பார்த்தார். குழாய் இறங்கிய இடத்தில் கொத்துக் கொத்தாக வந்தன; சரி, அது கீழே போனவனின் மூச்சு. ஆனால் எதிர்ப் பாறையை ஒட்டிய இருட்டில் வேறு சில, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் வந்து உடைந்தன. சேற்றில் ஏதாவது அழுகிக் கிடக்கும் என்று சொல்லிக்கொண்டார். மழை விட்ட சாயங்காலம், கல்குழியைச் சுற்றி ஒரு தவளைகூடக் கத்தவில்லை, ஈரக் கல்லின் வாசனையும் பம்பு எண்ணெயின் வாசனையும் மூக்கில் ஏறிக் கிடந்தன, முழங்கையிலிருந்து தோள்பட்டை வரை ஒரே குடைச்சல். இந்த வயதில் இதெல்லாம் தேவையா? ஸ்டேஷனில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். மீதிப் பேருக்கு இந்தக் குழியின் பேரைக் கேட்டதும் காய்ச்சல் வந்துவிட்டது.

கீழே போனவனைத் துறைமுகத்தில் ஆமை என்பார்கள். செம்புத் தலைக்கூடும் ரப்பர் உடுப்பும் மாட்டிக்கொண்டு கப்பலடியில் வேலை பார்ப்பவன். அந்த உடுப்பு அந்த வட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லை. வில்லங்கம் என்னவென்றால், பெண்டாட்டியை இந்தக் குழியில் தள்ளிக் கொன்றதாகத் தூக்குக்குக் காத்திருப்பவன் ஆமையின் கூடப்பிறந்த தம்பி. அவனைப் பிடித்து உள்ளே போட்டவர் இன்ஸ்பெக்டர். "தண்ணிக்குள்ள இருந்து யாரோ கூப்பிட்டாங்க, அவளாவே எறங்கிப் போயிட்டா" என்று அவன் அழுதபோது, காதில் பூச்சுற்றாதே என்று அறைந்தவரும் அவரேதான்.

தீர்ப்பு வந்த பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பயல் ஒரு தடவைகூடக் கதையை மாற்றவில்லை. பொய் சொல்கிறவன் எங்கேயாவது மாற்றுவான். நீதிபதியிடம் போய் நின்றார். "உடலைக் கொண்டுவாருங்கள், கல் கட்டியிருக்கிறதா என்று பார்ப்போம், அதுவரை தூக்கு நிற்கட்டும்" என்றார் நீதிபதி. அலுத்துக்கொண்டுதான் சொன்னார்.

இரும்பு ஏணியில் ஆமை ஏறி வந்து கரையில் உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர் முகக் கண்ணாடியைத் திருகிக் கழற்றினார்.

"உக்காந்திருக்கா," என்றான்.

"யாரு?"

"எங்க வீட்டுப் பொண்ணு, தம்பி பொண்டாட்டி. தண்ணி நெறையறதுக்கு முன்னால கல் ஒடைச்சவங்க உக்காந்து சாப்பிட ஒரு மேடை வெட்டியிருக்காங்க. அதுல. கல்லும் கட்டல, கயிறும் கட்டல. பக்கத்துல இன்னும் ஆளுங்க."

"தம்பியக் காப்பாத்த நல்லாத்தான் கதை கட்டுற நீ."

ஆமைக்குக் கோபம்கூட வரவில்லை. அவன் முகத்தில் களைப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"அப்ப நீங்களே எறங்கிப் பாருங்க சார்."

"பம்ப யாரு அடிக்கிறது? நீயா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

இன்ஸ்பெக்டர் பம்பின் கைப்பிடியைப் பார்த்தார். தம்பியைத் தூக்குமேடைக்கு அனுப்பியவரின் மூச்சு அண்ணன் கையில். கால் வழுக்கிட்டாரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் உடுப்பை மாட்டிக்கொண்டார். இறங்காமல் வீட்டுக்குப் போனாலும் தூக்கம் வரப்போவதில்லை.

"நல்லா இருந்தா கயித்த ஒரு இழு இழுங்க," என்று ஆமை தலைக்கூட்டைத் திருகி மூடினான். உலகம் அடைத்துக்கொண்டது.

ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்க இறங்க, பச்சையாக இருந்த தண்ணீர் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகி, குளிர் ரப்பரைத் தாண்டி எலும்பைத் தொட்டது. காதுக்குள் பம்பின் சத்தம் மட்டும், தூரத்தில் யாரோ பாய் தட்டுவதுபோல, விடாமல் கேட்டது. அடியில் கால் பட்டது. கயிற்றை இழுத்தார். மேலேயிருந்து பதில் இழுப்பு வந்தது.

பிறகு பம்புச் சத்தம் நின்றது.

காற்று இல்லை. கண்ணாடியில் அவர் மூச்சே பனித்தது. அவ்வளவுதான், பழி வாங்கிவிட்டான். கத்தினார். அவர் குரல் அவர் காதையே அறைந்தது. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

தட். ஒரு வாய்க் காற்று. தட். இன்னொன்று. முன்புபோல் சீராக இல்லை, நொண்டிக்கொண்டு வந்தது. ஆனால் வந்தது.

கண்ணாடி தெளிந்தபோது எதிர்ப் பாறையடியில் மேடை தெரிந்தது.

வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருப்பவர்கள்போல, மடியில் கைவைத்து. கடைசியில் அந்தப் பெண். மாதக்கணக்காகியும் முகம் கெடவில்லை. கையில் கட்டு இல்லை, காலில் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. யாருக்கோ தள்ளி உட்கார்ந்து விட்ட இடம்.

அவள் உதடு பிரிந்தது. ஒரு குமிழ் வெளியே வந்து மேலே போனது.

எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கரையில் விழுந்து கண்ணாடி கழன்றதும் முதலில் கண்ணில் பட்டது ஆமையின் உள்ளங்கைகள்தான். தோல் உரிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பம்பின் மரக் கைப்பிடி இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"ஒடிஞ்சிருச்சு. கொஞ்ச நேரம் காத்து நின்னிருக்கும்," என்றான் ஆமை. வெறும் இரும்புக் கம்பியை வெறுங்கையால் அடித்திருக்கிறான். "பயந்துட்டீங்களா?"

"செத்துட்டேன்னே நெனச்சேன்."

விட்டிருக்கலாம். ஒரு நாய்கூடக் கேட்டிருக்காது. இன்ஸ்பெக்டர் உடுப்பைக் கழற்றிவிட்டு, தன் சட்டையைக் கிழித்து அந்தக் கைகளில் சுற்றினார். அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இந்த மனிதர் பக்கத்தில் இருப்பது ஆறுதலாகவும் இருந்தது.

"நீங்க சொன்னது உண்மைதான்," என்றார். அந்த 'நீங்க' இருவருக்கும் கேட்டது. "போயிடலாம். பாத்தத நான் சொல்றேன்."

"ஒடம்பக் கேட்டிருக்காங்கல்ல ஐயா. நீங்க சொன்னா நம்பாம போனா? என் தம்பி கழுத்து அது." ஆமை உடுப்பை இழுத்து மாட்டிக்கொண்டார். "நான் தூக்கிட்டு வரேன். காத்த மட்டும் விட்றாதீங்க."

"கை போனாலும் விடமாட்டேன்."

விடவில்லை. கம்பி உள்ளங்கையில் பதிந்தது, பிறகு கிழித்தது. வானம் கறுத்தது. கயிற்றில் ஒரு இழுப்பு வந்தது. பதிலுக்கு இழுத்தார். அதன்பிறகு ஒன்றும் இல்லை.

மறுபடி இழுத்தார். கயிறு தளர்ந்து கிடந்தது.

அடித்தார். தட். தட். ரத்தத்தில் கம்பி வழுக்கியது. ஒரு கையால் அடித்தார். மறு கையால் அடித்தார். கடவுளே, அந்த மனுஷனை விட்டுவிடு. தட். எதிர்ப் பாறைப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க மாட்டார்.

ஏணி கிணுகிணுத்தது.

செம்புத் தலை மேலே வந்தது. ஒவ்வொரு படியாக, மெதுவாக. கையில் உடல் இல்லை. தனியாகத்தான். வந்து கரையில் உட்கார்ந்தது. இன்ஸ்பெக்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

"வந்துட்டீங்களா. போதும், வந்ததே போதும். ஒடம்பு இல்லாட்டிப் பரவாயில்ல. நீதிபதி கால்ல விழுந்தாவது உங்க தம்பிய வெளிய கொண்டாரேன், சரியா?"

தலைக்கூடு அசைந்தது. கண்ணாடி உள்ளே பனித்திருந்தது. திருகினார். கழன்றது.

உள்ளே நிறைய முடி. நீளமான, ஈரமான முடி. அதற்கு நடுவில் அவள் முகம்.

கண் திறந்திருந்தது. அவர் அத்தனை நேரம் அடித்த காற்றை அவள் மெல்ல விட்டாள். அது சில்லென்று அவர் கன்னத்தில் பட்டது.

"எம் வீட்டுக்காரர விட்டுருவீங்கள்ல?" என்று கேட்டாள். பேச்சோடு வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. பேச்சு முடிந்த பிறகும் அது நிற்கவில்லை.