லண்டன் மாத்திரை லேசாகக் கொல்லும்!

கனகேஸ்வரியின் முகம் கேசரித் தட்டில் கிடந்தது.

மூக்கு வரைக்கும் கேசரி!

அசைவு இல்லை... சத்தம் இல்லை... சத்தம் இல்லாததுதான் ரொம்பப் பயமாக இருந்தது. கனகேஸ்வரி வாயை மூடி பினாங்கில் ஒருவரும் பார்த்ததில்லை.

"அக்கா..." என்றாள் செல்வநாயகி. வீட்டுக்காரி. கையில் ஒரு மாத்திரை பாட்டில். மூடி இன்னும் திறந்தபடி.

தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா, விளையாடாதீங்க லா..."

தட்டிலிருந்து ஒரு முந்திரிப் பருப்பு மட்டும் நழுவிக் கீழே விழுந்தது.

செல்வநாயகியின் கணவர் தியாகராஜா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். துறைமுகத்தில் சீஃப் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். துப்பறியும் கதை கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். தன் வீட்டு ஹாலிலேயே ஒரு பிணம் விழும் என்று மனுஷன் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். நேராக டெலிபோனுக்குப் போனார். முதலில் ஆம்புலன்ஸ். அடுத்து போலீஸ்.

"மர்டர்," என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எதிர்முனையில் விவரம் கேட்டார்கள். ஆபீஸ் பழக்கம் விடுமா? வரிசையாகக் கொடுத்தார். செத்தது யார்? விருந்தாளி. என்ன சாப்பிட்டார்? பிரஷர் மாத்திரை. கொடுத்தது யார்? என் மனைவி. மாத்திரையை அனுப்பியது யார்? லண்டனில் இருக்கும் என் மகன் பாலேந்திரன்.

ஒரே போனில் மொத்தக் குடும்பத்தையும் உள்ளே தள்ளிவிட்டு, திருப்தியாகப் போனை வைத்தார்!

*

அதற்கு முன்னால் நடந்தது இதுதான்.

கனகேஸ்வரிக்கு மெல்பர்னில் மகன். செல்வநாயகிக்கு லண்டனில் மகன். கனகேஸ்வரிக்கு பிரஷர். இந்தப் பக்கம் தியாகராஜாவுக்கு பிரஷர். இரண்டு வீட்டுக்கும் மாத்திரை கப்பலேறி வருகிறது என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள். கோயிலில் சந்தித்தால் சாமிக்கு ஒரு கும்பிடு, மாத்திரைக்கு ஒரு மணி நேரம். அசல் சரக்கு யாருடையது என்பதில் பல வருஷப் போட்டி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, செல்வநாயகியின் கிரீன் லேன் வீட்டில், போட்டி முற்றிவிட்டது.

மெல்பர்ன் மாத்திரை சாப்பிட்டதிலிருந்து கொடிமலைக்கு நடந்தே ஏறிவிடலாம் போலிருக்கிறது என்று கனகேஸ்வரி சொன்னாள். லண்டன் மாத்திரை சாப்பிட்டதிலிருந்து இவர் தூக்கத்திலேயே ஏறுகிறார் என்று செல்வநாயகி சொன்னாள். சொன்ன ஜோரில் பாட்டிலையும் எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். அங்கேதான் வினை.

கனகேஸ்வரியின் கண் பாட்டிலை விட்டு நகரவில்லை.

"ரெண்டு குடு. நானும் லண்டனைப் பாக்குறேன்."

ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் சாப்பிடக்கூடாது என்று செல்வநாயகி இழுத்தாள். ஏன், உள்ளே இருப்பது லண்டன் இல்லையா என்று கனகேஸ்வரி கேட்டாள். அதற்குமேல் ஒரு மானமுள்ள தாய் என்ன செய்வாள்? மூடியைத் திறந்தாள்.

கனகேஸ்வரி இரண்டையும் ஒரே வாய்த் தேநீரில் விழுங்கினாள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் மெல்பர்ன் கதை பேசினாள். செல்வநாயகிக்குப் பாட்டிலை மூடி வைக்கக்கூட இடைவெளி கிடைக்கவில்லை. இன்னொரு கரண்டி கேசரிக்காக எழுந்தாள்... நின்றாள்... ஆடினாள்...

தட்டில் விழுந்தாள்!

*

ஆம்புலன்ஸ் வந்து கனகேஸ்வரியைத் தூக்கிப் போனது. உயிர் இருக்கிறது, ஆனால் நாடி இறங்கிக்கொண்டே போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அது போன கையோடு இன்ஸ்பெக்டர் பக்கிரிசாமி வந்தார். வயிறு முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார். கூடவே பெண் போலீஸ் ரொஸ்னா.

பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பழுப்புக் கண்ணாடி. லேபிள் பாதி தேய்ந்திருந்தது. ஆங்கிலம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"இது லண்டன்லேர்ந்து வந்ததா ஐயா?"

"அசல் லண்டன்," என்றார் தியாகராஜா. கேட்டதற்குச் சொன்னதோடு நிற்காமல் மேலே அவிழ்த்துவிட்டார். பென்ஷன்காரர்களுக்கு அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிறார்களே, அதை முதலில் சாப்பிட்டாராம். சுண்ணாம்பாம். விழுங்கினதும் உடம்பெல்லாம் நடுங்கியதாம். பேர் இல்லாத மருந்து எப்படி வேலை செய்யும்? மகனுடைய பாட்டில் வந்த நாளிலிருந்துதான் ராஜா மாதிரி இருக்கிறாராம்.

செல்வநாயகி தரையைப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் நிதானமாகச் சொன்னார். மாத்திரை லண்டன் என்றால் கேஸும் லண்டன்தான். இன்றைக்கே கோலாலம்பூருக்குச் சொல்லிவிடுவார். அங்கிருந்து லண்டன் போலீசுக்குத் தந்தி போகும். அவர்கள் போய் மகனை விசாரிக்கக் கூட்டிப் போவார்கள். அந்த அம்மாள் செத்துவிட்டால் சமாச்சாரம் பெரிதாகிவிடும்.

செல்வநாயகி பாட்டிலைப் பிடுங்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

ஏன் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

பாலேந்திரன் லண்டனிலிருந்து அனுப்பியது ஒரே ஒரு பாட்டில்.

ஒன்றே ஒன்று!

அது தீர்ந்து ஒன்றரை வருஷமாகிறது. இன்னொன்று அனுப்பு ராசா என்று எழுதிப் பார்த்தாள். கிறிஸ்துமஸ் கார்டு வந்தது. அதே மாத்திரையைத் தனியார் கிளினிக்கில் கேட்டாள். சொன்ன விலைக்கு வீட்டில் மாதத்தில் பாதி நாள் அடுப்பு எரியாது. கடைசியில் புருஷனுடைய பென்ஷன் அட்டையை எடுத்துக்கொண்டு, பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரி கவுண்டரில் போய் நின்றாள். பிளாஸ்டிக் பையில் கொடுத்த வெள்ளை மாத்திரையை லண்டன் பாட்டிலில் கொட்டினாள். அதே சுண்ணாம்பு! தியாகராஜா விழுங்கினார். பிரஷர் அழகாக இறங்கியது. அன்றிலிருந்து மாதாமாதம் அதே குடை, அதே கவுண்டர்.

இப்போது உண்மையைச் சொன்னால் மகன் தப்பிப்பான். ஆனால் மகன் மறந்துவிட்டான் என்பது அப்பாவுக்குத் தெரியும். நாளைக்குள் கோயிலுக்கே தெரியும். இந்த மனுஷன் மருந்தையும் தொட மாட்டார்.

சொல்லாவிட்டாலோ மகன் லண்டனில் கம்பி எண்ணுவான்.

செல்வநாயகி மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தாள். அவளால்தான் அது முடியும்.

"என் பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, இன்ஸ்பெக்டர். நான்தான் விஷம் வச்சேன்."

தியாகராஜா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை துப்பறியும் கதை படித்தவர், தினமும் காப்பி போட்டுக் கொடுக்கிறவளை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை.

"என்ன விஷம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அதை அவள் யோசித்து வைக்கவில்லை. "எலி மருந்து."

"என்ன பிராண்டு?"

செல்வநாயகி நிமிர்ந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சரி செய்தாள்.

"இங்கிலாந்து எலி மருந்து. உள்ளூர்ச் சரக்கு எங்க வீட்ல வாங்குறதில்ல."

ரொஸ்னா விலங்கை எடுத்தாள். செல்வநாயகியின் வளையல்களைத் தாண்டி அது ஏறவில்லை. அப்படியே கையைப் பிடித்துக் காரில் ஏற்றினார்கள்.

*

முதலில் பெரிய ஆஸ்பத்திரி. கொலையா, கொலை முயற்சியா என்று தெரியாமல் இன்ஸ்பெக்டரால் ஒரு வரி எழுத முடியாது.

தியாகராஜாவும் அதே காரில் ஏறிக்கொண்டார். வழி நெடுக மனைவியிடம் ஒரே கேள்வி. இவ்வளவு நாளும் என் காப்பியில் என்ன போட்டாய்? சீனிதான் என்று அவள் சொன்னாள். அவர் நம்பவில்லை.

வார்டில் பிணம் எழுந்து உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தது!

செல்வநாயகிக்கு அழுகையே வந்துவிட்டது. பல வருஷமாக இவள் வாய் அடைக்காதா என்று ஏங்கியவள், இப்போது அந்த வாய் அசைவதைப் பார்த்து முருகனுக்கு நன்றி சொன்னாள்.

டாக்டர் சிக்கந்தர் கட்டில் பக்கத்தில் நின்றார். இளைஞர். பொறுமைசாலி. ஆனால் கனகேஸ்வரி அந்தப் பொறுமையில் முக்கால்வாசியைத் தின்று முடித்திருந்தாள். இன்றைக்கு வேறு என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று அவர் பல தடவை கேட்டுவிட்டார். ஒன்றுமே இல்லை, அந்த லண்டன் மாத்திரைதான் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

"எலி மருந்து வச்சதா இந்தம்மா ஒத்துக்கிட்டாங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

கனகேஸ்வரி மைலோவைக் கீழே வைத்தாள். "எனக்கா? எலி மருந்தா?"

"ஆமாம்மா."

"எந்த ஊரு எலி மருந்து?"

"இங்கிலாந்தாம்."

கனகேஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். "ம்... அந்த மட்டுக்கு மரியாதை தெரிஞ்சவதான்."

டாக்டர் கையைத் தூக்கினார். விஷமும் இல்லை, எலியும் இல்லை என்றார். பிரஷர் மாத்திரை அளவுக்கு மேல் போனால் பிரஷர் கிடுகிடுவென்று இறங்கும். எழுந்து நின்றால் மயக்கம் வரும். அதுதான் நடந்திருக்கிறது. ஆனால் இரண்டு மாத்திரைக்கு இவ்வளவு இறங்காதே?

அவர் இன்ஸ்பெக்டரிடமிருந்து லண்டன் பாட்டிலை வாங்கி ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டினார். பிறகு, கனகேஸ்வரியின் கைப்பையில் நர்ஸ் கண்டெடுத்த இன்னொரு பாட்டிலைத் திறந்தார். லேபிளில் மெல்பர்ன். அதிலிருந்தும் ஒன்று.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

வெள்ளை... வெள்ளை...

நடுவில் ஒரே கோடு. ஓரத்தில் ஒரே எழுத்து.

"ரெண்டு பாட்டில், ரெண்டு நாடு... மாத்திரை ஒண்ணு," என்றார் டாக்டர். "காலைல வீட்ல ஒண்ணு போட்டிருக்கீங்க. அங்க போயி அதே மாத்திரை இன்னும் ரெண்டு. மொத்தம் மூணு. இந்த மாத்திரையை நான்தான் தினமும் எழுதிக் குடுக்குறேன். கீழ இருக்கே, நம்ம கவுண்டர்... அங்க குடுக்குறது."

இன்ஸ்பெக்டர் குனிந்து இரண்டு மாத்திரையையும் பார்த்தார்.

கனகேஸ்வரி ஏன் அவ்வளவு ஆசையாக இரண்டு கேட்டாள் என்று செல்வநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது. பாவம், அவளும் ஒருநாளாவது அசல் வெளிநாட்டு மாத்திரை சாப்பிட்டுப் பார்க்க நினைத்திருக்கிறாள்!

தியாகராஜாவின் புருவம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. "அப்ப... பாலன் அனுப்பினது?"

செல்வநாயகி வாயைத் திறந்தாள். எலி மருந்து என்று வாய் கூசாமல் சொன்னவளுக்கு இது முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

கனகேஸ்வரி அவளைப் பார்த்தாள். தியாகராஜாவைப் பார்த்தாள். மைலோவை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"டாக்டர் தம்பிக்கு விஷயமே தெரியல," என்றாள். "வெள்ளைக்காரன் இப்ப நம்ம நாட்டு மாத்திரையத்தானே வாங்குறான்? மெல்பர்ன் பூரா இதான் ஓடுது. என் மகன் எழுதியிருந்தான்."

செல்வநாயகி ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "லண்டன்லயும் இதான் லா அக்கா."

டாக்டர் ஏதோ சொல்லப் போனார். இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் அவர் காலை மிதித்தது.

"அப்படியும் சொல்லலாம்," என்றார் டாக்டர் வலியோடு. லேபிளில் போட்டிருக்கும் கம்பெனி மருந்தும் இதுவும் ஒரே மருந்துதான், பேருக்கும் பெட்டிக்கும்தான் காசு என்றும் சேர்த்துக்கொண்டார். அதிலாவது பொய் இல்லை.

தியாகராஜா நெஞ்சை நிமிர்த்தினார். வெள்ளைக்காரன் தன்னோடு ஒரே மாத்திரை சாப்பிடுகிறான்! அப்புறம் எதற்கு மகனுக்குத் தபால் செலவு? இனிமேல் தானே கவுண்டரில் வாங்கிக்கொள்வதாக அறிவித்தார். போதும், அவன் அனுப்பியது போதும், பிள்ளை பாவம் என்றார்.

செல்வநாயகி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கனகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

"நீ எந்த நாள்ல வருவ?" என்று கனகேஸ்வரி காதோடு கேட்டாள்.

"செவ்வாய் அக்கா."

"நான் வியாழன். அதான் பாத்துக்கல."

*

கேஸ் இல்லை. ரொஸ்னா விலங்கை இடுப்பில் மாட்டிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனார். நின்றார். அக்கம்பக்கம் பார்த்தார். திரும்பி வந்தார்.

"டாக்டர்... எனக்கும் பிரஷர்தான். கிளினிக்ல சுவிட்சர்லாந்து மாத்திரைன்னு சொல்லி, சம்பளத்தையே உருவுறான். அது நம்ம கவுண்டர்ல கெடைக்குமா?"

"தாராளமா கெடைக்கும்," என்றார் டாக்டர் சிக்கந்தர், மிதிபட்ட காலைத் தடவிக்கொண்டே. "சுவிட்சர்லாந்து பாட்டிலை மட்டும் நீங்க கொண்டு வந்துடுங்க!"